சொல்ல வேண்டிய ஆள்

மேட்டுப்பட்டி, திண்டுக்கல்
11.3.2001

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி டோனி எழுதுகிறேன். மாதா கிருபையில் அப்பா, அம்மா, நான் மூவரும் சுகம். உன் இடுப்பு வலி எப்படி இருக்கிறது? மஸ்கட்டில் வெயில் தொடங்கியிருக்குமே. டியூட்டி முடிந்து வந்தால் வெறும் வயிற்றோடு படுக்காதே என்று அம்மா எழுதச் சொன்னார்.

எனக்கு வேலை நன்றாகப் போகிறது. கோர்ட்டுக்கு எதிரே அதே கடைதான். டைப் அடிப்பது, ஜெராக்ஸ் எடுப்பது. வக்கீல் கருப்பணன் வேறு கடைக்குப் போவதே இல்லை. "டோனி அடிச்சா நான் திரும்பப் படிக்க வேண்டியதில்லய்யா" என்று எல்லாரிடமும் சொல்கிறார். கன்னிவாடியில் நடந்ததற்கு அப்புறம் இந்த ஒரு வருடமாக அந்தக் குரல்கள் ஒரு நாளும் கேட்கவில்லை. மாத்திரை ஒரு வேளைகூடத் தவறவில்லை.

இனி எழுதப்போவதைப் போனில் சொல்ல முடியாது. போன் ஹாலில் இருக்கிறது, பக்கத்து நாற்காலியில் அப்பா இருக்கிறார்.

நாலைந்து மாதமாக என் மார்பு இரண்டு பக்கமும் வீங்குகிறது. முதலில் சதை போட்டிருக்கிறது என்று நினைத்தேன். சதை இல்லை அக்கா. உள்ளே நெல்லிக்காய் அளவுக்குக் கட்டி. தொட்டால் வலி. வயசுக்கு வருகிற பெண்பிள்ளைகளுக்கு வருமே, அப்படி. போன வாரம் சட்டையில் ஈரம் பட்டிருந்தது. அழுத்திப் பார்த்தேன், பால் மாதிரி வந்தது. எழுதவே கை கூசுகிறது.

வாலிபால் ஆடப்போவதை நிறுத்திவிட்டேன். இந்த வெக்கையில் இரண்டு பனியன் போடுகிறேன். இந்த வருடம் நம் கோவில் பாஸ்கா நாடகத்தில் எனக்கு வலது பக்கத்துக் கள்ளன் வேடம் கொடுத்திருந்தார்கள். சிலுவையில் வெற்று உடம்போடு நிற்க வேண்டும். முடியாது என்று சொல்லிவிட்டேன். ஏன் என்று கேட்டார்கள், என்ன சொல்வது? "மறுபடி ஆரம்பிச்சிருச்சு போல" என்று பின்னால் பேசியது காதில் விழுந்தது. அப்படியே நினைக்கட்டும் என்று வந்துவிட்டேன்.

நீ நர்ஸ். இது என்ன? கேன்சரா? ஒளிக்காமல் எழுது.

உன் பதிலுக்குக் காத்திருக்கும் தம்பி,
டோனி


மஸ்கட்
30.3.2001

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் வந்து ஒரு வாரம் ஆகிறது. டியூட்டி மாற்றிப் போட்டுவிட்டார்கள், அதனால்தான் தாமதம். நான் சுகம். இடுப்பு வலி பரவாயில்லை. அப்பாவுக்குச் சர்க்கரை பார்த்தீர்களா? அம்மாவுக்குக் கண்ணாடி மாற்றியாயிற்றா?

பயப்படாதே. கேன்சர் எல்லாம் இல்லை. உன் வயசில் சில பையன்களுக்கு இப்படி உண்டு. கொழுப்புதான். நாள் பூராவும் உட்கார்ந்த வேலை, அம்மா கையால் சோறு, சொல்லவா வேண்டும். விடிந்ததும் எழுந்து நட. எண்ணெய்ப் பலகாரத்தைக் குறை. ஈரம் என்று எழுதியிருக்கிறாய், வியர்வையாக இருக்கும். அழுத்திப் பார்க்காதே.

மாத்திரையை மட்டும் நிறுத்திவிடாதே. பழைய மாத்திரையில் கை இறுகும், நடுக்கம் வரும் என்று டாக்டர் உன்னிடம் சொன்ன மறுநாளே அதைக் குப்பையில் போட்டவன் நீ. மூன்றாவது வாரம் கன்னிவாடித் தண்ணீர்த் தொட்டி மேல் நின்றாய். லீவில் வந்திருந்த நான் கீழே நின்றேன். உன் கூட்டாளி முனீர் ஏறி வந்து உன் கையைப் பிடிக்கிற வரைக்கும் நான் என்ன வேண்டிக்கொண்டேன் என்று எனக்கே ஞாபகம் இல்லை. அதற்கு மேல் எழுத முடியவில்லை.

அடுத்த கடிதத்தில் முதல் வரியாக, மாத்திரை போடுகிறேன் என்று எழுது.

உன் நினைவாகவே இருக்கும் அக்கா,
அமலராணி


மேட்டுப்பட்டி
13.5.2001

அன்புள்ள அக்காவுக்கு,

மாத்திரை போடுகிறேன். முதல் வரியில் எழுதச் சொன்னாய், எழுதிவிட்டேன். நாங்கள் மூவரும் சுகம். அப்பாவுக்குச் சர்க்கரை கொஞ்சம் கூடியிருக்கிறது.

நீ சொன்னபடி மூன்று வாரம் நடந்தேன். இடுப்புப் பட்டையை இரண்டு ஓட்டை இறுக்கிப் போடும் அளவுக்கு இளைத்தேன். மார்பு மட்டும் குறையவில்லை. இளைத்த உடம்பில் இன்னும் துருத்திக்கொண்டு தெரிந்தது.

மே தினத்தன்று முனீர் வீட்டுக்கு வந்தான். அவன் வேலை பார்க்கும் தோல் மண்டியில் விடுமுறை. வந்ததும் கட்டிப்பிடித்தவன் சட்டென்று விலகினான். "ஏலே, என்னடா இது?" என்றான். மாடிக்குக் கூட்டிப்போய்ச் சட்டையைக் கழற்றிக் காட்டினேன். அவன் சிரிக்கவில்லை. "எப்ப இருந்து?" என்று கேட்டான். பிறகு, "மாத்திர அட்டய எடு" என்றான்.

பஸ் ஸ்டாண்டுப் பக்கம் பிரவுசிங் சென்டருக்குப் போனோம். மாத்திரை பெயரை அடித்தேன். எல்லாம் இங்கிலீஷ். அகராதியை வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் படித்தோம். புரோலாக்டின் என்று ஒரு ஹார்மோனாம். பிள்ளை பெற்றவர்களுக்குப் பால் சுரக்கவைப்பது. இந்த மாத்திரை சிலருக்கு அதை ஏற்றிவிடுமாம். ஆண்களுக்கும் மார்பு வீங்கும், பால் வரும் என்று பட்டியலில் போட்டிருக்கிறது அக்கா. பைத்தியத்தில் என் உடம்பும் மாறிக்கொண்டிருக்கிறது என்று நினைத்து எத்தனை நாள் கதவைச் சாத்திக்கொண்டு அழுதிருக்கிறேன்!

மறுநாள் பழனி ரோட்டு டாக்டரிடம் போனேன். சட்டையைக் கழற்றினேன். பார்த்துவிட்டு ரத்தம் எடுக்க எழுதிக் கொடுத்தார். அந்த ஹார்மோன் இருக்க வேண்டியதைப் போல ஆறு மடங்கு இருந்தது. மாத்திரையை மாற்றிக் கொடுத்தார். "இது வரும்னு முன்னாடியே ஏன் சார் சொல்லல?" என்று கேட்டேன். "சொல்ல வேண்டியவங்ககிட்டச் சொல்லியாச்சு தம்பி" என்றார்.

அப்பாவிடம் கேட்டேன். மாதா மேல் ஆணையாகத் தனக்குத் தெரியாது என்கிறார். அம்மா, "எங்கிட்ட ஆரு அப்பு இதெல்லாஞ் சொல்றா" என்று அழுதது. பின் யாரிடம் சொன்னார்?

நீயும் கொழுப்பு என்றுதானே எழுதினாய். உங்கள் ஆஸ்பத்திரியில் இந்த மாத்திரை இல்லையா?

டோனி


மஸ்கட்
4.6.2001

அன்புத் தம்பிக்கு,

கடிதம் கிடைத்தது. மாத்திரை மாற்றிக் கொடுத்தது ரொம்ப நல்லது. புது மாத்திரை எத்தனை மில்லிகிராம்? ராத்திரி மட்டுமா, காலையிலும் உண்டா? தூக்கம் எப்படி? இதையெல்லாம் விவரமாக எழுது. அப்பாவுக்குச் சர்க்கரை மாத்திரை ஒரு டப்பா அனுப்புகிறேன். ஹாஸ்டலில் பக்கத்து அறைப் பெண் லீவில் வருகிறாள், அவளிடம் கொடுத்துவிடுகிறேன்.

டாக்டர் சொன்னதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே. தினமும் எத்தனையோ பேரைப் பார்க்கிறவர், வாய்க்கு வந்ததைச் சொல்லியிருப்பார். நடந்தது நடந்துவிட்டது. இனி குறையும். யாரிடம் சொன்னார், எப்போது சொன்னார் என்று மனசைப் போட்டு உழப்பிக்கொண்டால் தூக்கம் கெடும். தூக்கம் கெட்டால் உனக்கு ஆகாது.

உனக்காக ஜெபிக்கும் அக்கா,
அமலராணி


மேட்டுப்பட்டி
15.7.2001

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். நீ கொடுத்துவிட்ட டப்பா வந்தது. புது மாத்திரை ராத்திரி ஒன்று. தூக்கம் வருகிறது. பால் வருவது நின்றுவிட்டது. வீக்கம் மட்டும் அப்படியே இருக்கிறது. மதுரையில் ஒரு சர்ஜனைப் பார்த்தேன். கட்டி இறுகிவிட்டது, ஆரம்பத்திலேயே மாத்திரையை மாற்றியிருந்தால் கரைந்திருக்கும், இனி அறுத்துத்தான் எடுக்க வேண்டும் என்றார்.

டாக்டர் மேல் நுகர்வோர் மன்றத்தில் வழக்குப் போடப்போகிறேன். கருப்பணன் சாரிடம் சொல்லிவிட்டேன். அப்பா ரெண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள், "ஏலே, முப்பது வருசம் வாத்தியாரா இருந்தவன் நான். எம்புள்ளைக்குப் பைத்தியம், அவனுக்குப் பொம்பள மாதிரி இருக்குன்னு கோர்ட்டுல படிப்பாங்கெ. கேட்டுக்கிட்டு உக்காந்திருக்கணுமா?" என்றார். "நீங்க வர வேணாம்ப்பா" என்றேன். எனக்கு மட்டும் கூச்சம் இல்லையா? ஆனால் என் உடம்பில் என்ன நடக்கப்போகிறது என்று எனக்கு மட்டும் தெரியாமல் போயிருக்கிறது. அதை நினைத்தால் கூச்சத்தைவிடக் கோபம் பெரிதாக வருகிறது.

என் பிரமாண வாக்குமூலத்தை நானேதான் டைப் அடித்தேன். "மனுதாரரின் இரு மார்பகங்களும்" என்று அடிக்கும்போது கை நின்றுவிட்டது. கடைக்காரர், "நா அடிக்கவாப்பா?" என்று கேட்டார். வேண்டாம் என்று நானே முடித்தேன். ஒரு எழுத்துப் பிழை இல்லை.

உன்னிடம் ஓர் உதவி. இந்த மருந்தின் விளைவு பற்றி டாக்டர் நம் குடும்பத்தில் யாரிடமும் தெரிவிக்கவில்லை என்று நீயும் ஒரு வாக்குமூலம் எழுதித் தூதரகத்தில் முத்திரை வாங்கி அனுப்பு. நர்ஸ் சொன்னால் எடை கூடும் என்று வக்கீல் சொல்கிறார்.

டோனி


மஸ்கட்
19.8.2001

தம்பிக்கு,

நலம். நலமறிய ஆவல். வார்டில் ஆள் பற்றாக்குறை, இரண்டு வேளையும் நான்தான் பார்க்கிறேன். தூதரகத்துக்குப் போக லீவு கிடைக்கவில்லை.

வழக்கு வேண்டாம் டோனி. அப்பா சொல்வதும் யோசிக்க வேண்டியதுதான். ஆபரேஷனுக்கு ஆகிறதை நான் பார்த்துக்கொள்கிறேன். ஊருக்கெல்லாம் தெரிந்தால் நாளைக்கு உனக்கு யார் பெண் கொடுப்பார்கள்? வாபஸ் வாங்கிவிடு. அக்கா கேட்டு நீ மாட்டேன் என்று சொன்னதில்லை.

அமலராணி


திண்டுக்கல்
27.9.2001

அக்கா,

டாக்டரின் பதில் மனு வந்திருக்கிறது. மூன்று பிரதி எடுக்கச் சொல்லிக் கருப்பணன் சார் அதை என் கையில்தான் கொடுத்தார். அவர் அப்போது முழுக்கப் படித்திருக்கவில்லை. மெஷினில் வைப்பதற்கு முன் நான் படித்தேன். ஐந்தாம் பத்தியை அப்படியே எழுதுகிறேன்.

"மேற்படி மருந்தினால் மார்பக வீக்கம் ஏற்படக்கூடும் என்பதை எதிர்மனுதாரர் 14.2.2000 அன்று மனுதாரரின் மூத்த சகோதரியும் செவிலியருமான அமலராணி என்பவரிடம் தொலைபேசியில் தெரிவித்ததாகவும், மனுதாரரிடம் அதைச் சொல்ல வேண்டாம் என மேற்படி அமலராணியே கேட்டுக்கொண்டதாகவும் இதன்மூலம் தெரிவிக்கப்படுகிறது."

உண்மையா?

டோனி


பேகம்பூர், திண்டுக்கல்
15.11.2001

மரியாதைக்குரிய அமலராணி அக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். டோனியின் கூட்டாளி முனீர் எழுதுகிறேன். அல்லாஹ் உங்களுக்கு நல்ல சுகத்தைக் கொடுக்கட்டும். நாளை மறுநாள் எங்களுக்கு நோன்பு ஆரம்பம். அதற்குள் எழுதிவிட வேண்டும் என்று நினைத்தேன். நான் எழுதுவது டோனிக்குத் தெரியாது.

அவன் மாத்திரையை நிறுத்திவிட்டானோ என்று நீங்கள் பயந்துகொண்டிருப்பீர்கள். நிறுத்தவில்லை. எனக்கும் அதே பயம்தான், நாலு நாள் தொடர்ந்து ராத்திரி அவன் வீட்டுக்குப் போய்விட்டேன். ஐந்தாம் நாள், "ஏலே, நா மாத்திர போடுறதப் பாக்கத்தான வாரே? எனக்குத் தெரியும்டா, போடலைன்னா என்ன ஆகும்னு. நீ போய்த் தூங்கு" என்றான். அதற்குப் பிறகு நான் போகவில்லை.

உங்களைப் பற்றி அவன் ஒரு வார்த்தை பேசுவதில்லை. போஸ்ட்மேன் வருகிற நேரத்தில் மட்டும் கடையிலிருந்து எழுந்து வெளியே போய் நிற்கிறான்.

வக்கீல் ஒரு யோசனை சொன்னார். அப்படி ஒரு போன் பேச்சே நடக்கவில்லை என்று நீங்கள் எழுதிக் கொடுத்துவிட்டால் போதும், டாக்டரிடம் வேறு சாட்சி இல்லை, வழக்கு நம் பக்கம் என்றார். டோனி ஒத்துக்கொள்ளவில்லை. "எப்படி எழுதுன்னு நான் சொல்ல மாட்டேன் சார். அவ என்ன எழுதுறாளோ அதுதான் போகும்" என்று சொல்லிவிட்டான்.

இரண்டு மாதம் ஆகப்போகிறது அக்கா. எதையாவது எழுதுங்கள். திட்டியாவது எழுதுங்கள். இப்படி ஒன்றும் வராமல் இருப்பதுதான் அவனைத் தின்கிறது.

உங்கள் தம்பி போன்ற,
முனீர்


மஸ்கட்
2.12.2001

என் டோனிக்கு,

உண்மை.

இந்த ஒரு சொல்லை எழுத இத்தனை நாள் ஆயிற்று. அப்போது நான் லீவு முடிந்து இங்கே திரும்பி இரண்டு வாரம் ஆகியிருந்தது. கண்ணை மூடினால் நீ அந்தத் தொட்டி மேல் நிற்பாய். டாக்டருக்குப் போன் செய்து எப்படியிருக்கிறான் என்று கேட்டேன். நல்ல முன்னேற்றம், புது மாத்திரை கொடுத்திருக்கிறேன் என்றார். "சிலருக்கு மார்பு வீங்கும். ஆம்பிளப் பையன், கூச்சப்படுவான். அடுத்த தடவை வரும்போது சொல்லி வைக்கிறேன்" என்றார். நான்தான், "சொல்லாதீங்க சார். சொன்னா நிறுத்திருவான். நிறுத்தினா செத்துருவான்" என்றேன். பிறகு, "சரிம்மா, நீங்களும் இந்தத் தொழில்ல இருக்கீங்க, பாத்துக்கங்க" என்றார். பார்த்துக்கொள்கிறேன் என்றேன். இத்தனை தூரத்தில் இருந்துகொண்டு எதைப் பார்ப்பேன் என்று யோசிக்கவில்லை.

அதைக்கூடப் பயத்தில் செய்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். உன் மார்ச் மாதக் கடிதத்தைப் படித்தபோது எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. மருந்து வைக்கும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு மூன்று தடவை படித்தேன். அன்றே உனக்குச் சொல்லியிருந்தால் அன்றே மாத்திரை மாறியிருக்கும். ஒன்றரை மாதம் முன்பே. என்ன ஆயிருக்கும், எவ்வளவு கரைந்திருக்கும் என்று எனக்குத் தெரியாது. ஆனால் நான் கொழுப்பு என்று எழுதினேன். உன்னை நடக்கச் சொன்னேன். அது உனக்காகச் சொன்ன பொய் இல்லை டோனி. நான் மாட்டிக்கொள்ளக் கூடாது என்று சொன்னது. நோயாளி கேட்டால் ஒளிக்கக் கூடாது என்று புதுப் பிள்ளைகளுக்கு வார்டில் நானேதான் பாடம் எடுக்கிறேன்.

இத்துடன் என் வாக்குமூலம் இருக்கிறது. தூதரக முத்திரை வாங்கியாயிற்று. போன் பேசியது, அவர் சொன்னது, நான் தடுத்தது, உன்னிடம் யாரும் சொல்லாதது எல்லாம் இருக்கிறது. உன் வழக்கு இதனால் தோற்றாலும் தோற்கும். அதைக் கொடுப்பதும் கிழிப்பதும் உன் இஷ்டம்.

மன்னித்துவிடு என்று எழுத எனக்கு வாய் இல்லை. மாத்திரை போடு. நல்லாச் சாப்பிடு.

அக்கா


மேட்டுப்பட்டி
25.8.2002

அக்காவுக்கு,

உன் கடிதம் வந்து எட்டு மாதம் கழித்து எழுதுகிறேன். வீட்டில் எல்லாரும் சுகம். நானும் சுகம்தான்.

உன் வாக்குமூலத்தைக் கொடுத்துவிட்டேன். கருப்பணன் சார் படித்துவிட்டுத் தலையில் கைவைத்தார். "உங்க அக்கா எதிராளி வக்கீலுக்குச் சம்பளம் வாங்காம வேலை பாத்திருக்கு" என்றார். சாயங்காலம் திரும்பவும் கடைக்கு வந்தார். "ரெண்டாந் தடவ படிச்சேன். ஒங்கிட்ட யாரும் சொல்லலைன்னும் எழுதியிருக்கு. பரவாயில்ல, கொடுப்போம்" என்றார்.

போன மாதம் விசாரணை. வர மாட்டேன் என்ற அப்பா கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்திருந்தார். டாக்டரின் வக்கீல் உன் வாக்குமூலத்தைத் தூக்கிக் காட்டினார். "பாருங்கய்யா, நாங்க சொன்னத அவங்க அக்காவே ஒத்துக்கிட்டாங்க. குடும்பத்துக்குத் தெரிவிச்சாச்சு" என்றார். மன்றத் தலைவர் அதை வாங்கி மெதுவாகப் படித்தார்.

"மனுதாரருக்கு அப்ப என்ன வயசு?"

"இருபத்தொண்ணுங்க."

"புரிஞ்சுக்கிற நிலைமையில இருந்தாரா?"

டாக்டரே எழுந்தார். "தெளிவா இருந்தாரு சார். வேலைக்குக்கூடச் சேந்துட்டாரு."

"அப்ப அவர்கிட்டத்தானே சொல்லணும்?"

டாக்டர் என் பக்கம் ஒரு தடவை பார்த்தார். பிறகு, "நிறுத்திருவான்னு அவங்க பயந்தாங்க சார். எனக்கும் அந்தப் பயம் இருந்துச்சு" என்றார். அவர் மேல் ஒரு வருடமாக எனக்கு இருந்த கோபம் அந்த இடத்தில் வரவில்லை. உன் கடிதத்தையே அவர் வாயால் படிப்பது போல இருந்தது.

தீர்ப்பு போன திங்கட்கிழமை வந்தது. வயது வந்த நோயாளியிடம் சொல்லாமல் உறவினரிடம் சொன்னது சொன்னதாகாது, அது சேவைக் குறைபாடு என்று எழுதியிருக்கிறார்கள். ஆபரேஷன் செலவையும் வழக்குச் செலவையும் டாக்டர் தர வேண்டும். கேட்டதில் பாதிகூட இல்லை என்று வக்கீலுக்கு வருத்தம். எனக்கு இல்லை.

வீட்டுக்கு வரும்போது டவுன் பஸ்ஸில் அப்பா என் பக்கத்தில் உட்கார்ந்தார். மேட்டுப்பட்டி வருவதற்குள், "ஏலே, டாக்டர் எங்கிட்ட அன்னைக்குச் சொல்லியிருந்தா நானும் ஒங்கிட்டச் சொல்லியிருக்க மாட்டேன்டா" என்றார். "தெரியும்ப்பா" என்றேன்.

நீ பயந்ததில் நியாயம் இல்லை என்று சொல்ல மாட்டேன். அன்று சொல்லியிருந்தால் நான் நிறுத்தியிருப்பேனோ என்னவோ, எனக்கே தெரியாது. அதைத் தெரிந்துகொள்ள எனக்கு வழி இல்லாமல் போயிற்று. அதுதான் ஆறவில்லை. அந்தக் கொழுப்புக் கடிதம் அதைவிட ஆறவில்லை. ஆனால் முதல் சொல்லாக "உண்மை" என்று எழுதினாயே, அந்தக் கடிதத்தை மட்டும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

செப்டம்பர் 9ஆம் தேதி மதுரையில் ஆபரேஷன். சர்ஜன் படம் போட்டுக் காட்டினார். தழும்பு இருக்கும், கொஞ்ச நாள் மரத்துப்போகும், ஒருவேளை மரத்தது மரத்தபடியே இருந்துவிடலாம் என்றார். நாலு கேள்வி கேட்டேன், நாலுக்கும் பதில் சொன்னார். வீட்டுக்கு வந்து ஒரு வாரம் யோசித்துவிட்டுப் போய்க் கையெழுத்துப் போட்டேன்.

லீவு கிடைத்தால் வா. கோபம் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டு வராதே, கொஞ்சம் இருக்கிறது. வந்தால் டாக்டரைத் தனியாகப் போய்ப் பார்க்கக் கூடாது. எது தெரிய வேண்டுமென்றாலும் என்னிடம் கேள். நான் சொல்கிறேன்.

டோனி